எடை மட்டும் கூடுதல், வேறு நோயில்லை: கொலஸ்ட்ராலும் மாரடைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகர் இல்லை, பிரஷர் இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை, எடை மட்டும் கொஞ்சம் அதிகம் என்று சொல்லப்பட்டவர்களுக்கான பக்கம் இது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில் உள்ளன. உங்கள் ரிப்போர்ட் மில்லிமோல் கணக்கில் இருந்தால் (சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து) கொலஸ்ட்ரால் எண்களை 38.7ஆலும் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பை 88.6ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எடை "கூடுதல்" என்பது எங்கே தொடங்குகிறது?

உலக அளவுகோலில் பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25 வந்தால் கூடுதல் எடை, 30 வந்தால் உடல் பருமன். இந்தியர்களுக்கு இந்தக் கோடுகள் 23, 25 என்று கீழே இறங்குகின்றன. அதே பி.எம்.ஐ.யில் நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதே காரணம். 168 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவரின் பி.எம்.ஐ. 25.5. பார்ப்பவர்கள் "நல்லா ஆரோக்கியமா இருக்கார்" என்பார்கள். இந்திய அளவுகோல்படி அவர் ஏற்கெனவே பருமன் பட்டியலில் இருக்கிறார்.

ஆனால் எடையைவிட இடுப்புச் சுற்றளவு அதிகம் சொல்லும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். நம்மில் பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட்டோ வேட்டியோ கட்டுகிறோம். அதனால் சைஸ் 34லேயே நிற்கும், வயிறு 40 அங்குலத்தைத் தாண்டியிருக்கும். அளக்கும் முறை: கடைசி விலா எலும்பின் கீழ் நுனியைத் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். சட்டைக்கு மேல் அளக்கக் கூடாது. இயல்பாக மூச்சை விட்ட பிறகு எண்ணைப் படியுங்கள். வயிற்றை உள்ளிழுத்தால் ஏமாறுவது நீங்கள்தான். டேப் தோலை அழுத்தவும் கூடாது, முதுகுப்பக்கம் இறங்கவும் கூடாது.

என் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். ("கெட்ட" கொலஸ்ட்ரால்) கிட்டத்தட்ட நார்மல். அப்புறம் ஏன் கவலை?

எடை கூடியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் ரிப்போர்ட் ஒன்று இப்படி இருக்கும்: மொத்தக் கொலஸ்ட்ரால் 198, எச்.டி.எல். ("நல்ல" கொலஸ்ட்ரால்) 36, டிரைகிளிசரைடு 210, எல்.டி.எல். 120.

மொத்தம் 200க்குள் இருப்பதால் அந்த வரியில் எச்சரிக்கைக் குறி இருக்காது. எல்.டி.எல். 120க்கு நேராகவும் பெரும்பாலும் "ஏறக்குறைய உகந்தது" என்ற பொருளில்தான் அச்சிட்டிருப்பார்கள். இப்போது பேனாவை எடுத்து ஒரே ஒரு கழித்தல் போடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் 198 – 36 = 162. இதற்கு நான்-எச்.டி.எல். என்று பெயர். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து சென்று, குழாய்ச் சுவருக்குள் புகக்கூடிய அத்தனை துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை அது. ஆபத்து குறைவாக உள்ளவருக்கே இது 130க்குள் இருக்க வேண்டும். ஆக, "நார்மல்" ரிப்போர்ட்டில் 32 புள்ளி அதிகம் ஒளிந்திருக்கிறது.

எல்.டி.எல். 120 என்பதும் பல லேப்களில் நேரடியாக அளந்த எண் இல்லை. 1972இல் வெளியான ஃப்ரீடுவால்டு சூத்திரம் தரும் கணக்கு அது: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 198 – 36 – 42 = 120. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். 400ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது. நான்-எச்.டி.எல்.லுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

தொப்பைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பு அமிலங்களை அது தொடர்ந்து கல்லீரலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்தில் விடும். அந்த டிரைகிளிசரைடு மற்ற துகள்களோடு பண்டமாற்று செய்வதில் எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகின்றன. ஸ்கேனில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று வந்து, யாரும் பொருட்படுத்தாமல் விட்டார்களே, அது இதே கதையின் இன்னொரு பக்கம்.

துகள் சிறுத்தால் என்ன? 120 பயணிகள் இரண்டு டவுன் பஸ்ஸில் போகலாம், இருபது ஷேர் ஆட்டோவிலும் போகலாம். லேப் எண்ணுவது பயணிகளை. தெருவை அடைப்பது வண்டிகள். எடை கூடியவர்களின் ரத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் அதிகம். வண்டிகளை எண்ணும் சோதனைக்கு அப்போ-பி என்று பெயர், ஏனென்றால் துகள் ஒன்றுக்கு ஒரு அப்போ-பி புரதம்தான் இருக்கும். டிரைகிளிசரைடு 150க்கு மேல் இருப்பவர்கள் கேட்டுச் செய்துகொள்ளலாம். முடியாவிட்டால் நான்-எச்.டி.எல். போதும்.

"குண்டாக இருந்தாலும் ஆரோக்கியம்" என்பது உண்மையா?

ஓரளவு, கொஞ்ச காலத்துக்கு. இங்கிலாந்தில் 35 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு 2017இல் வெளியானது. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் கோளாறு எதுவுமே இல்லாத பருமனானவர்களுக்கும், அதேபோல எதுவுமில்லாத சரியான எடைக்காரர்களைவிட இதயத் தமனி நோய் 49 சதவீதம் அதிகம் வந்தது. இதயச் செயலிழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த "ஆரோக்கியமானவர்களில்" பலருக்குச் சில ஆண்டுகளில் சுகரோ பிரஷரோ வந்து சேர்ந்தும் விடுகிறது.

நமக்கு மட்டும் சீக்கிரம் வருகிறது என்கிறார்களே?

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பின் இடைநிலை வயது தெற்காசியர்களுக்கு 53, மற்ற நாட்டவருக்கு சுமார் 59. ஆறு வருட வித்தியாசம். காரணங்கள் அதிசயமானவை அல்ல. புகை, கொலஸ்ட்ரால் துகள்கள், தொப்பை, சுகர், பிரஷர் என்று எல்லாருக்கும் உள்ளவைதான். நம்மிடம் அவை இளவயதிலேயே சேர்ந்துவிடுகின்றன.

சரி, என் எல்.டி.எல். எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்திய இதயநோய் மருத்துவர்கள் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைவாக உள்ள பொதுமக்களுக்கு எல்.டி.எல். 100க்குள், நான்-எச்.டி.எல். 130க்குள். சுகரோ பிரஷரோ இருந்தால் எல்.டி.எல். 70க்குள், நான்-எச்.டி.எல். 100க்குள். முதல் சோதனையை 18 வயதிலேயே செய்துவிடச் சொல்கிறார்கள்.

எல்.டி.எல். 190ஐத் தாண்டினால் கதையே வேறு. அதை எடையின் தலையில் போடாதீர்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறாக இருக்கலாம். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் பின்னங்கால் தசைநாண் தடித்திருக்கிறதா, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா, நெருங்கிய சொந்தத்தில் ஆண் 55க்குள்ளோ பெண் 65க்குள்ளோ மாரடைப்பு கண்டவர்கள் உண்டா என்று பாருங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு உணவு மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சோதனை செய்ய வேண்டும்.

மாத்திரை தொடங்கும் முன் தைராய்டு (டி.எஸ்.எச்.) பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் எல்.டி.எல். ஏறும், எடையும் ஏறும். அதைச் சரிசெய்யாமல் கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கினால் தசைவலி வர வாய்ப்பு அதிகம்.

இணையத்தில் கணக்கிட்டால் எனக்குப் பத்து வருட மாரடைப்பு ஆபத்து 2 சதவீதம்தான் வருகிறது. நிம்மதியாக இருக்கலாமா?

வயது 38 என்றால் எந்தக் கணிப்பானும் அப்படித்தான் சொல்லும். இந்தக் கணக்குகளில் வயதுக்குத்தான் அதிக முக்கியத்துவம். ரத்தக் குழாயில் படிவது, எல்.டி.எல். அளவையும் அது நீடித்த வருடங்களையும் பெருக்கினால் வருவது. 38 வயதில் எல்.டி.எல். 160 என்பது இன்னும் முப்பது வருடம் ஓடப்போகும் 160. அமெரிக்க வழிகாட்டுதல் தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணமாகப் பட்டியலிடுகிறது. இங்கிலாந்தின் கியூ-ரிஸ்க்-3 கணிப்பானைப் பயன்படுத்தும் ஈழத்தமிழர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று பிரிவுகள் உண்டு, இலங்கையர் என்று தனியாக இல்லை, "பிற ஆசியர்" என்பதில் போய் விழுவீர்கள். ரத்தச் சோதனையே செய்யாதவர்களுக்கு, பி.எம்.ஐ.யை வைத்துப் பார்க்கும் அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் தெற்காசியாவுக்கென்று 2019இல் வெளியிட்டது.

வெறும் வயிற்றில்தான் சோதனை செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. மொத்தமும் எச்.டி.எல்.லும் சாப்பாட்டால் பெரிதாக மாறாது. டிரைகிளிசரைடுதான் ஏறும். சாப்பிட்டுவிட்டுக் கொடுத்து அது 400ஐத் தாண்டினால் மட்டும் 12 மணி நேரம் பட்டினி இருந்து மறுபடி பார்க்கவும். எண்களைக் கெடுப்பவை வேறு: முந்தைய இரவு மது, இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்த காய்ச்சல் (எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும்), கர்ப்பம், எடை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும் நேரம். டெங்குவிலிருந்து எழுந்த கையோடு செக்கப் போய், கொலஸ்ட்ரால் குறைந்துவிட்டது என்று மகிழ்வதில் பொருளில்லை.

சாப்பாட்டில் முதலில் எதைக் குறைப்பது?

பெரும்பாலானவர்கள் முதலில் நிறுத்துவது முட்டையை. அதுதான் தவறான தொடக்கம். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 186 மி.கி. கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை, ஆனால் உணவுக் கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புதான் (சாச்சுரேட்டட் ஃபேட்) எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றும். முட்டையை நிறுத்திவிட்டு இரண்டு இட்லி கூடுதலாகவும், டீயோடு நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டால் எல்.டி.எல். அப்படியே நிற்கும், டிரைகிளிசரைடு ஏறும். நாளுக்கு ஒரு முட்டை ஆரோக்கியமானவருக்குப் பிரச்சினையில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் எது அதிகம் என்பதைப் பொறுத்துக் கத்தரியை வையுங்கள்.

எல்.டி.எல். அதிகம் என்றால் கொழுப்பின் வகையை மாற்றுங்கள். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 11 கிராம். ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுபவருக்கு மொத்த வரம்பே 20 கிராம்தான். ஒரு டீஸ்பூன் நெய்யில் 3 கிராம். பாமாயிலில் பாதிக்குப் பாதி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் 20 சதவீதத்துக்குள். "செக்கில் ஆட்டியது" என்பதால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு மாறிவிடாது. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்தபோது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி கூட்டியது. அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு ஸ்பூனோ, வாரம் ஒருநாள் சொதியோ யாரையும் கெடுக்காது. மூன்று வேளையும் அதிலேயே தாளிப்பது, பொரிப்பது, தினமும் முதல் பால் ஊற்றிக் குழம்பு வைப்பது ஆகியவைதான் கணக்கில் ஏறும்.

எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் என்று வையுங்கள். மாதக் கடைசியில் காலி பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தாலே உண்மை தெரியும். பஜ்ஜிக் கடையில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் தனிக் கேடு.

கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.லைக் கொஞ்சம் இறக்கும். ஓட்ஸில் உள்ள பீட்டா-குளுக்கான் தினம் 3 கிராம் போனால் சுமார் 5 சதவீதம் குறையும். அதற்குக் கிட்டத்தட்ட 75 கிராம் ஓட்ஸ் வேண்டும், இரண்டு ஸ்பூன் தூவினால் போதாது. ஓட்ஸ் பிடிக்காதவர்கள் இசப்கோல் உமி தினம் 10 கிராம் வரை, பிரித்துப் பிரித்து, நிறையத் தண்ணீரோடு எடுக்கலாம். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே ஊதி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சுண்டல், பயறு, வெண்டைக்காய், அவரை எல்லாம் இதே வேலையை மெதுவாகச் செய்யும்.

டிரைகிளிசரைடு அதிகம் என்றால் எண்ணெயை மட்டும் முறைத்துப் பயனில்லை. சோறு, இட்லி, தோசை, சர்க்கரை, மது ஆகியவைதான் காரணம். நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை, பானத்திலேயே முடிந்துவிட்டது. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, மீன், முட்டை போன்றவை, கால் பங்கு சோறு. குழம்பு ஊற்ற இடமில்லை என்று தோன்றினால் அளவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த எண் சில வாரங்களிலேயே இறங்கும்.

பேலியோவில் (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) எடை குறைந்தது, டிரைகிளிசரைடும் குறைந்தது, எல்.டி.எல். 210. குழுவில் "பரவாயில்லை" என்கிறார்களே?

பரவாயில்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை. வெண்ணெய், நெய், கொழுப்புக் கறி அதிகமாகும்போது சிலருக்கு எல்.டி.எல். இப்படித் தாவும். எடை குறைந்த நன்மை தனி, இந்தத் தீமை தனி. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. நெய், வெண்ணெய்க்குப் பதில் கடலை, பாதாம், மீன், நல்லெண்ணெய் என்று மாற்றி, எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். இறங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

எவ்வளவு எடை குறைத்தால் எண்கள் மாறும்?

5 முதல் 10 சதவீதம். 82 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 8 கிலோ. டிரைகிளிசரைடு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும், கல்லீரல் கொழுப்பும் பிரஷரும் இறங்கும். எல்.டி.எல். மட்டும் அவ்வளவாக அசையாது. அது எடையைவிட மரபணுவுக்கும் நிறைகொழுப்புக்கும் அதிகம் கட்டுப்பட்டது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எச்.டி.எல். தற்காலிகமாகக் குறையும். எடை ஒரு மாதம் நிலையாக நின்ற பிறகு சோதியுங்கள்.

தினமும் நடக்கிறேன், எல்.டி.எல். குறையவே இல்லை.

பெரிதாகக் குறையாது. நடை டிரைகிளிசரைடு, சுகர், பிரஷர், தொப்பை இவற்றைக் கவனிக்கும். வாரம் 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்.

மாத்திரை எப்போது? ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கவா?

எல்.டி.எல். 190க்கு மேல் என்றால் (மேலே சொன்ன பேலியோபோல உணவால் ஏறியது தவிர) உடனே. அதற்குக் கீழே என்றால் மூன்று மாதம் உணவு, எடை, புகை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குடும்ப வரலாறு, பிரஷர், வயது, நான்-எச்.டி.எல். சேர்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஸ்டாட்டின் வகையில் அடோர்வாஸ்டாட்டின் 10–20 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 5–10 மி.கி. எல்.டி.எல்.லை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். டோஸை இரட்டித்தால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். அதனால் போதாதபோது எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை 10 மி.கி. சேர்ப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம். எல்.டி.எல். 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பது பல பெரிய ஆய்வுகளின் கூட்டு முடிவு.

நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே திரும்பும். உடம்பு மாத்திரைக்கு அடிமையாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. குடையை மடக்கினால் நனைவோம், அவ்வளவுதான்.

தசைவலி பற்றி: 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், வலியால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு 12 பாட்டில்கள் கொடுத்தார்கள். நாலில் ஸ்டாட்டின், நாலில் வெற்று மாத்திரை, நாலில் ஒன்றுமே இல்லை. மாதம் ஒரு பாட்டில். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய்யில்லை, காரணம்தான் பெரும்பாலும் வேறு. ஆனாலும் இரண்டு தொடையிலும் கடும் வலி, பலவீனம், சிறுநீர் கருஞ்சிவப்பு என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். சுகர் வரும் வாய்ப்பு மிதமான டோஸில் சுமார் 10 சதவீதம் கூடும். பெரும்பாலும் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு. எனவே தொடங்கும் முன் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரி சுகர்) பாருங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் பம்பளிமாஸை அளவுக்கு மீறிச் சாப்பிட வேண்டாம், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

எச்.டி.எல்.லை எப்படி ஏற்றுவது?

துரத்தாதீர்கள். மருந்தால் அதை ஏற்றிப் பார்த்த பெரும்பாலான சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. டோர்செட்ராபிப் என்ற மருந்தில் இறப்பு கூடியதால் 2006இல் ஆய்வையே நிறுத்தினார்கள். தொப்பை குறைந்து, புகை நின்றால் அது தானாகக் கொஞ்சம் ஏறும்.

மீன் எண்ணெய் கேப்சூல், பூண்டு-இஞ்சி-எலுமிச்சைச் சாறு?

கடையில் வாங்கும் 1,000 மி.கி. கேப்சூலில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மி.கி.தான். ஆரோக்கியமானவருக்கு மாரடைப்பைத் தடுக்காது. மத்தி, அயிலை வாரம் இரண்டு முறை, குழம்பாக. சாறு அடைப்பைக் கரைக்காது, வயிற்றெரிச்சல் நிச்சயம்.

டி.எம்.டி. (டிரெட்மில் சோதனை) நார்மல். அடைப்பு இல்லை என்றுதானே பொருள்?

ஓட்டத்தைத் தடுக்குமளவு பெரிய அடைப்பு இல்லை என்று பொருள். சிறிய படிவு வெடித்தும் மாரடைப்பு வரும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று இழுபறியாக உள்ள நாற்பது வயதுக்காரருக்குக் கரோனரி கால்சியம் ஸ்கேன் (இதயக் குழாயில் படிந்த சுண்ணாம்பைக் காட்டும் சி.டி. ஸ்கேன்) உதவும், ஆனால் இளவயதில் பூஜ்யம் வந்தாலும் மென்மையான படிவு இருக்கலாம். லிப்போபுரோட்டீன்-ஏ (பரம்பரையாக வரும் ஒரு கொலஸ்ட்ரால் துகள்) சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். 50க்கு மேல் என்றால் மற்ற எல்லாவற்றிலும் கண்டிப்பு கூட வேண்டும்.

முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின்?

வேண்டாம். இதயநோய் இல்லாதவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் நன்மையைத் தின்றுவிடும்.

எடை குறைக்கும் ஊசி?

செமாகுளுட்டைடு மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பை 20 சதவீதம் குறைத்ததாக 2023இல் வந்த செலக்ட் ஆய்வில் சேர்ந்த 17,604 பேரும் ஏற்கெனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். அந்த எண்ணை உங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

மாடி ஏறினால் நெஞ்சு கனக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது.

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓய்விலேயே கனம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி என்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. "கேஸ்" என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

மறு சோதனை எப்போது?

மாத்திரை தொடங்கினாலோ டோஸ் மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள். உணவு மாற்றம் மட்டும் என்றால் மூன்று மாதம் கழித்து. எல்லாம் இலக்குக்குள் வந்துவிட்டால் வருடம் ஒருமுறை, முடிந்தவரை அதே லேபில். ரிப்போர்ட்டோடு அன்றைய எடையையும் இடுப்புச் சுற்றளவையும் மேல் மூலையில் எழுதி வையுங்கள்.